ரத்து பட்டனை நீங்கள் அழுத்தாதீர்கள்

கேள்வி: குறைந்த கட்டண விமானத்தில் டிக்கெட் போட்டிருக்கிறேன். கடைசி நேரத்தில் ரத்து செய்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. மாற்று ஏற்பாடு எப்படிச் செய்து வைப்பது?

போகிற இடத்தில் உங்களுக்குத் தள்ளிப்போட முடியாத காரியம் இருக்கிறது, டிக்கெட்டும் இரவுக் கடைசி விமானத்தில்தான் என்று நானாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் அப்படித்தான் மாட்டினேன்.

அக்காவுக்குச் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அறுவை சிகிச்சை. எனக்குத் திங்கள் இரவு ஒன்பதரைக்கு விமானம். கடைசி விமானத்தில் என்ன வில்லங்கம் என்று அப்போது தெரியாது. இந்த நிறுவனங்களில் ஒரே விமானம் காலையிலிருந்து ஐந்தாறு நடை ஓடும். இறங்கி மறுபடி கிளம்ப அரை மணி நேரம்தான் வைத்திருப்பார்கள். காலையில் விழுந்த தாமதம் இரவு வரை ஏறிக்கொண்டே வரும். விமானிகளின் பணிநேர வரம்பு முடிந்துவிட்டால் விமானம் நின்றாலும் ஓட்ட ஆள் இல்லை. அடி கடைசி நடைக்குத்தான். முதல் விமானம் என்றால் பெரும்பாலும் முந்தின இரவே வந்து நின்றிருக்கும். தேதி மாற்ற முடிந்தால் முந்தின நாள் காலைக்கு மாற்றுங்கள். பாதிக் கவலை தீர்ந்தது.

திங்கள் காலை குடும்ப வாட்ஸப் குழுவில், அந்த நிறுவனத்தின் விமானங்கள் வரிசையாக ரத்தாகின்றன என்று ஒரு செய்தி வந்தது. பதறிப்போய் ஆப்பைத் திறந்து நானே ரத்து பட்டனை அழுத்தினேன். திரும்ப வரும் தொகை என்ன என்று சின்ன எழுத்தில் காட்டியது. வரி மட்டும். டிக்கெட் காசு முழுவதும் ரத்துக் கட்டணத்துக்கே சரியாகப் போனது. பார்த்துவிட்டுத்தான் 'சரி' கொடுத்தேன், அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

மாலை ஐந்து மணிப் பேருந்தில் கடைசி வரிசையில் ஒரு இடம் கிடைத்தது, சக்கரத்துக்கு மேலே. எட்டு மணிக்கு வழியில் நிறுத்தினார்கள். அதே விமானத்தில் வர வேண்டிய அலுவலக நண்பர் அழைத்தார்: "விமானம் ரத்து சார், முழுப் பணமும் திரும்ப வருதாம்." எனக்கு வராது. அவர்கள் ரத்து செய்தால் முழுப் பணம், நான் ரத்து செய்தால் வெறும் வரி.

காலை ஆறரைக்கு மருத்துவமனை போய்ச் சேர்ந்தேன். பச்சை கவுன் போட்டுப் படுத்திருந்த அக்கா கேட்டது, "சாப்பிட்டியா?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. அண்ணன் அக்கா இருக்கும் அதே ஊரில்தான் இருக்கிறார். அவர் பதினொரு மணிக்கு வந்தார். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரவெல்லாம் குலுங்கி வந்த என்னிடம்தான் "முன்னாடியே கிளம்பியிருக்கலாமே" என்றார்கள். கடைக்குட்டியாகப் பிறந்தவர்களுக்குப் புரியும். சரி, அது வேறு கதை.

நான் செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான். பேருந்தில் ஓர் இடம் முன்பதிவு செய்துவிட்டு, விமான டிக்கெட்டை அப்படியே விட்டிருக்க வேண்டும். விமானம் ரத்தாகாமல் போய்விட்டாலும் டிக்கெட் காசுக்கு மேல் எனக்கு நஷ்டம் இல்லை. (போக வர ஒரே டிக்கெட் என்றால் கவனம். போகும் பயணத்துக்கு ஏறாவிட்டால் திரும்பும் பயணத்தையும் ரத்து செய்துவிடும் நிறுவனங்கள் உண்டு.) மாற்று டிக்கெட் என்பது திருப்பிக் கொடுத்தால் பெரும்பங்கு காசு வரக்கூடியதாக இருக்க வேண்டும். எத்தனை மணிக்குள் முடிவெடுப்பது என்பதை அந்தப் பேருந்தின் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள், விமான நேரத்தை வைத்து அல்ல. விமானங்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் ஃபிளைட்ரேடார்24 தளத்தில் உங்கள் விமானம் இப்போது எந்த ஊரில் நிற்கிறது என்று பார்க்கலாம். விமான நிலையப் பலகையைவிட அது முன்கூட்டியே உண்மை பேசும்.

"அவர்களே வேறு விமானத்தில் ஏற்றிவிட மாட்டார்களா?" என்பீர்கள். மலிவு நிறுவனங்கள் பலவற்றுக்கு மற்ற நிறுவனங்களோடு ஒப்பந்தம் கிடையாது. தங்களுடைய அடுத்த விமானத்தில் இடம் தருவார்கள். அது நாளை மறுநாளாகவும் இருக்கலாம். ஐரோப்பாவில் 2004-இல் வந்த 261-ஆம் ஒழுங்குவிதிப்படி, கிளம்பும் நாளுக்கு 14 நாளுக்கும் குறைவாக இருக்கும்போது சொல்லி ரத்து செய்தால் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். வானிலை மாதிரிக் காரணம் என்றால் அதுவும் இல்லை. நிறுவனமே படுத்துவிட்டால்? 2019 மார்ச்சில் ஐஸ்லாந்தின் வாவ் ஏர், 2023 மே மாதத்தில் நம் நாட்டு கோ ஃபர்ஸ்ட், இரண்டு மலிவு நிறுவனங்களும் திடீரென்று பறப்பதை நிறுத்தின. அதனால் டிக்கெட்டைக் கிரெடிட் கார்டில் போடுங்கள், வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழி இருக்கும்.

"கூடக் கொஞ்சம் காசு கொடுத்து நல்ல விமானத்தில் போக வேண்டியதுதானே" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: கையில் இருந்திருந்தால் போயிருக்க மாட்டேனா?

அந்த வரிப் பணமும் வங்கிக்கு வரவில்லை. அவர்களுடைய ஆப்பில் வாலட்டில் கிடக்கிறது. அதே நிறுவனத்தில் டிக்கெட் போட்டால் மட்டும் பயன்படுத்தலாமாம்.