சனிக்கிழமைக் காற்பந்தும் அப்பாவின் தொண்டையும்

தம்பி, நீங்கள் எழுதியிருந்ததை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். திருநெல்வேலியிலிருந்து சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. ஒன்பது வயதுப் பையனைக் காற்பந்துப் பயிற்சியில் சேர்த்திருக்கிறீர்கள். முதல் ஆட்டத்தில் கோட்டோரம் நின்று "பாஸ் பண்ணாதடா, நீயே அடி" என்று கத்தினீர்கள். கோச் சிரித்த முகமாக வந்து, "சார், கைதட்டினால் போதும்" என்றார். அப்புறம் ஆறு கோல் முன்னிலையில் இருக்கும்போது, அதில் மூன்றைப் போட்ட உங்கள் பையனைத் தூக்கிப் பின்வரிசையில் நிறுத்திவிட்டார். ஆட்டம் முடிந்து அவன் கைகொடுக்காமல் வந்ததற்குத் தனியே கூப்பிட்டும் பேசினார். "எங்களை அவமானப்படுத்துகிறார்களா, இல்லை இங்கே இதுதான் வழக்கமா? நான் போய் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவமானமெல்லாம் இல்லை. வழக்கம்தான். எனக்கும் நடந்திருக்கிறது, இதைவிட மோசமாக.

நான் பட்டுக்கோட்டைப் பக்கம். இங்கே வந்து பதினேழு வருடம் ஆகிறது. மூத்தவனுக்கு எட்டு வயதாக இருந்தபோது பிடோக் பக்கம் ஒரு திடலில் ஆட்டம். எதிரணிப் பையன் ஒருவன் எங்கள் கோலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான், பந்து வந்தது, தட்டி உள்ளே விட்டான். நடுவர் விசில் ஊதி கோல் கொடுத்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம். சுற்றி நிற்பவர்களில் சீனர்களும் மலாய்க்காரர்களும்தான், நம் பாஷை யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில், "கண்ணு அவிஞ்சு போச்சா இவனுக்கு? இது ஆஃப்சைடு இல்லையா?" என்று வாய்விட்டுக் கத்தினேன். பெரியவர்கள் ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி அப்படி முன்னால் நின்று பந்தை வாங்கினால் கோல் செல்லாது, அதைத்தான் ஆஃப்சைடு என்பார்கள். இடைவேளையில் தண்ணீர் குடிக்க வந்த நடுவர், தொப்பியைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, கண்ணு நல்லாத்தான் இருக்கு. இந்த ஏழு பேர் ஆட்டத்துல ஆஃப்சைடு கிடையாது."

பாலிடெக்னிக்கில் படிக்கிற பையன். இருபது வயதுகூட இருக்காது. வார இறுதியில் விசில் ஊதிக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறவன். அவனைத்தான் நான் அப்படிப் பேசியிருக்கிறேன். நடுவர் தமிழராக இருப்பது இந்த ஊரில் அதிசயமே இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. 1974இல் மேற்கு ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பையிலேயே விசில் ஊதியவர் சிங்கப்பூரின் கோவிந்தசாமி சுப்பையா. அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது பேருந்தில் என் மகன் எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. இரண்டு இருக்கை முன்னால் போய் உட்கார்ந்தான். இறங்கும்போது மட்டும், "அப்பா, அடுத்த வாரம் அம்மா வரட்டும்" என்றான்.

இதைக் கேட்டு சிங்கப்பூர்க்காரர்கள் பிறவியிலேயே அமைதியானவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். காலாங்கில் பழைய தேசிய விளையாட்டரங்கம் இருந்தபோது மலேசியக் கிண்ண ஆட்டங்களுக்கு ஐம்பதாயிரம் பேர் கூடுவார்கள். அந்தச் சத்தத்துக்கே 'காலாங் ரோர்' என்று பெயர் உண்டு. நடுவர் தவறாக ஊதிவிட்டால் "ரெஃப்ரி காயு!" என்று மொத்தக் கூட்டமும் பாடும். காயு என்றால் மலாயில் மரம், அதாவது மரக்கட்டை. இன்றைக்கும் காப்பிக் கடையில் இங்கிலிஷ் லீக் ஆட்டம் ஓடும்போது அங்கிள்கள் வாயைக் கேளுங்கள், காது கூசும். ஆக, கத்துவது தெரியாத ஊர் இல்லை. பெரியவர்கள் ஆட்டம் வேறு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் ஆட்டம் வேறு என்று பிரித்துவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஏன் பிரிக்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது ஒரு பையனைப் பார்த்துத்தான். என் மகன் அணியில் இருந்தான், நல்ல கால். அவன் அப்பா கோடு நெடுகப் பந்தோடு சேர்ந்தே ஓடுவார். "இடது பக்கம், இடது பக்கம், இப்ப அடி, ஐயோ!" என்று ஓயாமல் ஒலிபரப்பு. பந்து காலுக்கு வந்ததும் அந்தப் பையன் முதலில் என்ன செய்வான் தெரியுமா? தலையைத் திருப்பி அப்பா முகத்தைப் பார்ப்பான். ஒரு நொடிதான். அதற்குள் எதிரணிக்காரன் வந்து பந்தை எடுத்துப் போயிருப்பான். உடனே அப்பா தலையில் கைவைப்பார். பையன் அதையும் பார்ப்பான். ஒரே ஆட்டத்தில் ஏழெட்டு முறை இது நடந்தது. அன்றைக்கு நான் பந்தைப் பார்த்ததைவிட அவன் கழுத்தைப் பார்த்ததுதான் அதிகம். கோச் ஒன்று சொல்லிக்கொடுத்திருப்பார், நாம் கோட்டோரம் நின்று வேறொன்று சொல்வோம். பிள்ளை யார் பேச்சைக் கேட்பான்? நீங்கள் சொன்ன "பாஸ் பண்ணாதே" இருக்கிறதே, அந்த வாரம் முழுக்கக் கோச் பாஸ் பண்ணத்தான் கற்றுக்கொடுத்திருப்பார் என்று பந்தயம் கட்டுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் கத்தினால் மாட்டுவது நாம் இல்லை. 2019இலிருந்து ஆட்ட விதிகளிலேயே பயிற்றுவிப்பாளர்களுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம் என்று வந்துவிட்டது. பெற்றோருக்கு அட்டை கிடையாது. அதனால் நம்மால் தொந்தரவு என்றால் நடுவர் நேராகக் கோச்சிடம்தான் வருவார். வெளியாள் தலையீடு எல்லை மீறினால் ஆட்டத்தையே நிறுத்திவிடவும் அவருக்கு அதிகாரம் இருக்கிறது. உங்கள் கோச் சிரித்துக்கொண்டு வந்து சொன்னது அதற்கு முன்பே அணைபோடத்தான்.

இங்கே பெற்றோர் ஏன் இப்படிப் பதறுகிறார்கள் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 'கியாசு' என்று ஒரு ஹொக்கியன் சொல்லைச் சீக்கிரமே கேட்பீர்கள். தோற்றுவிடுவோமோ, விட்டுவிடுவோமோ என்கிற பயம். அதோடு நேரடிப் பள்ளிச் சேர்க்கை என்று ஒரு வழியும் இருக்கிறது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே, விளையாட்டிலோ கலையிலோ திறமை காட்டி உயர்நிலைப் பள்ளியில் இடம் வாங்கலாம். 2004இல் தொடங்கியது. அப்போதிருந்து சில அப்பாக்களுக்கு ஒன்பது வயதுப் பையன் போடும் ஒவ்வொரு கோலும் ஒரு பள்ளியின் வாசல் கதவாகத் தெரிகிறது. நம் ஊர்க்காரர்கள் இதில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை, நான் உட்பட.

சரி, ஆறு கோல் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு அதிகம் வலித்தது அதுதான் என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. பையனைப் பின்னால் நிறுத்தியது தண்டனை இல்லை. சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் ஒரு பக்கம் ஏறிக்கொண்டே போனால் நல்ல கோச் எதையாவது மாற்றுவார். கோல் போடுகிறவனைத் தடுப்பாட்டத்துக்கு அனுப்புவார், அடிக்கும் முன் ஐந்து பாஸ் ஆக வேண்டும் என்பார், இடது காலால்தான் அடிக்க வேண்டும் என்பார். எதிரணிப் பிள்ளைகள் அழாமல் வீடு போவார்கள், நம் பிள்ளைகளும் புதிதாக ஒன்று கற்றுக்கொள்வார்கள்.

இதன் அருமை நான் மறுபக்கம் நின்றபோதுதான் தெரிந்தது. என் மகள் கோல்கீப்பர். ஒருநாள் இடைவேளைக்குள் ஏழு கோல் வாங்கினாள். ஏழாவது வரும்போது பந்தைப் பார்க்காமல் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் பாதியில் அந்த அணி கோச் என்ன சொன்னாரோ, பிள்ளைகள் பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக்கொண்டு, வராத காலால் அடித்துப் பார்த்தார்கள். மகள் இரண்டு பந்தைப் பிடித்துவிட்டாள். கடைசியில் வரிசையாக வந்து கைதட்டும்போது அந்த அணிப் பிள்ளை ஒருத்தி நின்று, "நைஸ் சேவ்" என்றாள். ஸ்கோர் என்ன என்று இன்றைக்கு அவளைக் கேட்டால் தெரியாது. அந்த "நைஸ் சேவ்" மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆனால் ஒன்று, சில கோச்சுகள் இதை அளவுக்கு மீறிச் செய்கிறார்கள். "இனி யாரும் அடிக்கவே கூடாது" என்று சத்தமாகச் சொல்வார்கள். தோற்கிற பிள்ளைகளுக்குக் காது இல்லையா என்ன? பரிதாபப்பட்டு விளையாடுகிறார்கள் என்று தெரிந்தால் பத்து கோல் வாங்குவதைவிட அது பெரிய குத்து. மாற்றுவதை அவர்களுக்குத் தெரியாமல் மாற்ற வேண்டும். உங்கள் கோச் பையனைப் பேசாமல் இடம் மாற்றினார் பாருங்கள், அதுதான் முறை.

கைகொடுப்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் எதிரெதிரே வரிசையாக நடந்து உள்ளங்கையைத் தட்டி "குட் கேம்" சொல்லும். அப்புறம் நடுவருக்கும் எதிரணிக் கோச்சுக்கும் ஒரு நன்றி. பையன் அழுதால் அழட்டும். அழுதுகொண்டே கைகொடுக்கலாம், யாரும் சிரிக்கமாட்டார்கள். கொடுக்காமல் வந்தால்தான் பார்ப்பார்கள். எதிரணிப் பிள்ளை அடிபட்டு விழுந்தால் பந்தை வெளியே தட்டிவிடுவது, ஆட்டம் திரும்பத் தொடங்கும்போது வெளியே தட்டிவிட்ட அணியிடமே பந்தைத் திருப்பிக் கொடுப்பது, இதெல்லாம் அவன் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்வான். தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு ஒன்றும் படாமலே உருளுவதையும் அப்படித்தான் கற்றுக்கொள்வான், அதை மட்டும் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

இனி நம் ஆட்கள் கவனிக்காமல் மாட்டிக்கொள்வது. மைதானத்தில் இன்னொரு பிள்ளையைக் குறிப்பிட வேண்டும் என்றால் சட்டை எண்ணைச் சொல்லுங்கள். "அந்தச் சைனாக்காரப் பையனைப் பிடி", "அந்தக் கறுப்புப் பையனை விடாதே" என்று ஊரில் பேசுகிற வாகில் வாயில் வந்துவிடும். நமக்கு அது வெறும் அடையாளம், கேட்கிறவருக்கு அப்படி இருக்காது. இங்கே இனம், மதம் பற்றிய பேச்சு சட்டத்தின் வாசல் வரைக்கும் போகக்கூடியது. தமிழில் சொன்னால் புரியாது என்ற நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று என் கதையிலேயே பார்த்தீர்கள். பிள்ளைகள் ஆடுகளத்தில் ஒருவரை ஒருவர் இனம் சொல்லிக் கிண்டல் செய்தாலும் கோச் உடனே வெளியே உட்காரவைப்பார், எவ்வளவு நல்ல ஆட்டக்காரனாக இருந்தாலும்.

உங்கள் முறை வந்து பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கொண்டுபோகும்போது ஹலால் முத்திரை பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் ஆரஞ்சுப் பழத்தை நான்காக வெட்டி டப்பாவில் எடுத்துப் போங்கள், யாருக்கும் எந்தத் தடையும் இல்லை. காலிப் பாட்டில்களைப் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் அணி கிளம்பும், அதில் நீங்களும் குனியுங்கள். பையனுக்கு ஏன் குறைவான நேரம் கொடுத்தீர்கள் என்று கேட்பதாக இருந்தால் அன்றைக்கே, அதுவும் வாட்ஸ்அப் குழுவில், கேட்காதீர்கள். மறுநாள் தனியாகக் கேளுங்கள்.

மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஒலித்தால் விவாதமே கிடையாது. வருடத்தில் நூற்றைம்பது நாளுக்கு மேல் இடி இடிக்கிற ஊர் இது. தலைக்கு மேலே வெயில் காய்ந்துகொண்டிருக்கும், ஒரு துளி மழை இருக்காது, நாம் ஒரு கோல் முன்னிலையில் இருப்போம், இன்னும் மூன்று நிமிடம்தான் பாக்கி. சங்கு ஊதும். நடுவர் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துவிடுவார், எல்லோரும் கூரைக்கு அடியில். ஒருமுறை ஓர் அப்பா குடையை விரித்துக்கொண்டு "வானத்தைப் பாருங்கள், ஒன்றுமே இல்லை" என்று நடுவரிடம் வாதாடினார். பிள்ளைகளெல்லாம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர் மகன் மட்டும் ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

பையன் பள்ளி அணிக்குப் போனால் நிலவரம் கொஞ்சம் மாறும். தேசியப் பள்ளி விளையாட்டுகளில் ஜெயிக்கத்தான் ஆடுவார்கள், அங்கே ஆறு கோலுக்கு யாரும் பின்னால் அனுப்பமாட்டார்கள். ஆனால் நடத்தை சரியில்லை என்றால் ஆசிரியர் அணியிலிருந்தே எடுத்துவிடுவார். அதற்கு இன்னும் ஒன்றிரண்டு வருடம் இருக்கிறது, இப்போது கவலைப்படாதீர்கள்.

மன்னிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம், கோச் அதை அன்றைக்கே மறந்திருப்பார். வரும் சனிக்கிழமை அரை மணி நேரம் முன்னால் போங்கள். கோன்களை வரிசையாக வைக்க வேண்டும், வலையை மாட்ட வேண்டும், அந்தக் கோல் போஸ்டைத் திடலின் ஓரத்திலிருந்து தூக்கிவர எப்போதும் இரண்டு ஆள் குறையும். ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அவரே பேசுவார்.