பதினைந்தில் ஒரு நொடி

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். மும்பை பக்கம் டோம்பிவிலியில் இருக்கிறேன். ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. படம் எடுப்பது பல வருடப் பழக்கம். கையில் இருப்பது கேனான் 1200டி, அதோடு வந்த 18-55 எம்எம் ஜூம் லென்ஸ். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கேமரா) வாங்க மாதம் 4,000 ரூபாய் ஆர்.டி. கட்டுகிறேன், 14 மாதம் ஆயிற்று, பாதி தாண்டியிருக்கிறேன். அது வரும்வரை புதிதாக எடுக்க மனம் வரவில்லை. ராத்திரி சாப்பிட்டதும் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து 2016இல் எடுத்த படங்களை மறுபடி எடிட் செய்கிறேன். "பழைய சோத்துக்கு இன்னும் எத்தனை தடவை தாளிப்பீங்க?" என்கிறாள் மனைவி. இது வெட்டி வேலையா? பேசாமல் இ.எம்.ஐ.யில் கேமராவை வாங்கிவிடலாமா? ஒரே படத்தின் இரண்டு எடிட்டையும் அனுப்பியிருக்கிறேன். பூ நிறுக்கிறவர் கை கலங்கியிருப்பதுதான் உறுத்துகிறது. புதுக் கேமராவாக இருந்திருந்தால் சரியாக வந்திருக்கும்.

க., டோம்பிவிலி

அன்புள்ள க.,

உங்கள் வீட்டில் சொன்னதைப் படித்துச் சிரித்தேன். தாளித்த பழைய சோறு சாப்பிட்டே வளர்ந்தவன் நான். அதனால் என் தீர்ப்பு ஒருபக்கமாகத்தான் இருக்கும்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தாதர் மேற்கு, பாலத்தடிப் பூ மார்க்கெட், விடியுமுன். முதல் எடிட்டில் செண்டுமல்லி தீப்பிடித்த மாதிரி இருக்கிறது, நாலு ஓரத்திலும் கறுப்பு. தராசையும் பூ நிறுக்கிறவரையும் விட்டுவிட்டு மீதியை வெட்டியிருக்கிறீர்கள். அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் செய்தோம். புது எடிட்டில் வெட்டியதைத் திறந்துவிட்டிருக்கிறீர்கள். பின்னால் சாக்கு மூட்டை மேல் ஒரு பையன் தூங்குகிறான். செருப்பு இரண்டையும் தலைமாட்டில் வைத்திருக்கிறான், யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதென்று. எடுத்த அன்று இந்தச் செருப்பு உங்கள் கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை.

அவன் இருட்டிலிருந்து வெளியே வந்ததற்குக் காரணம், நீங்கள் ரா ஃபைலாக, அதாவது கேமராவின் சென்சார் பதிந்ததை அப்படியே, எடுத்து வைத்தது. உங்கள் கேமராவின் ரா 14 பிட், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே 16,384 படிகள். கேமராவே சுருக்கித் தரும் ஜேபெக்கில் 256தான். ஜேபெக்கில் இருட்டைத் தூக்கினால் திட்டுத் திட்டாகப் பிரிந்துவிடும். நானோ முதல் மூன்று வருடப் படங்களை ஜேபெக்கில் எடுத்து, எடிட் செய்து, அதே பெயரிலேயே சேவ் செய்து ஒரிஜினலைத் தொலைத்தவன். என் அன்றைய ரசனை பச்சை குத்தியது மாதிரி அந்தப் படங்களில் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே வெட்டி வேலை இல்லை. ஆனால் பாதியில் நிறுத்திவிடுகிறீர்கள். படத்தோடு பதிவாகியிருக்கும் எண்களையும் பாருங்கள். நீங்கள் அனுப்பியதில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) 800, எஃப் (லென்ஸின் திறப்பு, எண் குறைந்தால் திறப்பு பெரிது) 5.6, படம் பதிய எடுத்த நேரம் 1/15 நொடி. 1/15 நொடியில் பூ அள்ளும் கை எந்தக் கேமராவிலும் கலங்கும். ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றியிருந்தால் 1/60 கிடைத்திருக்கும். படத்தில் புள்ளி விழும், விழட்டும். இன்றைய மென்பொருள்கள் அதைப் பார்த்துக்கொள்ளும். எஃப் 1.8 லென்ஸ் இருந்திருந்தால் ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வந்து, ஐஎஸ்ஓ 800லேயே 1/150 பக்கம் போயிருக்கலாம். ஆனால் திறப்பு பெரிதானால் பின்னணி ஃபோகஸை இழக்கும், பின்னால் படுத்திருக்கும் பையன் மங்கியிருப்பான். செருப்பும் போயிருக்கும்.

கேனானின் 50 எம்எம் எஃப் 1.8 பத்தாயிரம் ரூபாய்க்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கிறது. உங்கள் கேமராவின் சின்ன சென்சாரில் அது 80 எம்எம் மாதிரி நெருக்கமாகத் தெரியும். முகம் எடுக்க நன்றாக இருக்கும். தாதர் நெரிசலில் பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும், கூடைக்காரர் யாராவது "பாஜு, பாஜு" (ஒதுங்கு, ஒதுங்கு) என்று முதுகில் இடிக்கும்வரை. அதனால் உங்களுக்குப் பிடித்த படங்களில் ஒரு இருநூறை எடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை எம்எம்மில் எடுத்தது என்று குறித்துப் பாருங்கள். கணக்கு வேலைக்காரர், உங்களுக்கு ஒரு ராத்திரி போதும். 24 பக்கமே குவிந்தால் அதற்கும் ஒரு 24 எம்எம் எஃப் 2.8 இருக்கிறது, இட்லி கனம்தான். பின்னாளில் கேனான் மிரர்லெஸ் வாங்கினாலும் ஓர் அடாப்டர் போட்டு இவற்றை மாட்டிக்கொள்ளலாம்.

இ.எம்.ஐ. வேண்டாம். ஆர்.டி. அது பாட்டுக்கு ஓடட்டும். மிரர்லெஸ்ஸில் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் நிஜமாகவே பெரிய வசதி, உங்கள் கேமராவில் ஃபோகஸ் பிடிக்க இருப்பது 9 புள்ளிதான். ஓடும் குழந்தைக்கு அது வேண்டும். தராசுக்கு அவசரம் இல்லை.

எனக்குக் கவலை, நீங்கள் கேமராவைத் தொடாமல் வைத்திருப்பது. செம்பூரில் தரைத்தள வீட்டில் இருந்தபோது ஒரு லென்ஸைத் தோல் உறையில் போட்டு பீரோவில் வைத்தேன், மழைக்குப் பத்திரமாம். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்று அப்போது தெரியாது. அக்டோபரில் எடுத்து டார்ச் அடித்தால், கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. போரா பஜாரில் கழற்றித் துடைத்துக் கொடுத்தார்கள். கண்ணாடி மேல் இருந்த கோட்டிங் போனது போனதுதான். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் வாங்குங்கள். மீட்டர் 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்கட்டும். ஜூனுக்கு முன் செய்துவிடுங்கள்.

அப்புறம், வருகிற ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை முதல் லோக்கல் ரயிலைப் பிடித்து அதே பாலத்தடிக்குப் போங்கள். ஐஎஸ்ஓ 3200. பழைய படத்தை ஒரு பிரிண்ட் போட்டுக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தூங்கின பையன் இப்போது அந்தத் தராசைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் இருப்பான்.