எந்த பேண்ட்விட்த் சரி? (கடிதம்)

வணக்கம் சார்,

புள்ளியியல் முதுகலை படிக்கிறேன். இங்கிலாந்தின் சோர்லி–ரிபிள் புற்றுநோய்த் தரவில் கெர்னல் அடர்த்தி வரைபடம் (ஒவ்வொரு புள்ளியையும் சிறு மேடாகப் பரப்பி, எல்லாவற்றையும் கூட்டிப் போடும் படம்) போட்டுப் பார்க்கிறேன். எல்லா இடத்துக்கும் ஒரே பேண்ட்விட்த் (அந்த மேட்டின் அகலம்) வைத்தால் நகரத்து மேடுகள் கரைந்துவிடுகின்றன. குறைத்தால் ஊர்ப்புறத்தில் ஒவ்வொரு வீடும் தனிக் குன்றாகிறது. அடர்த்திக்கேற்ப அகலம் மாறும் முறைக்குப் போனால், நிரல் இரண்டு பேண்ட்விட்த் கேட்கிறது! எதை வைத்துத் தேர்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் தரவில் இருப்பவை: லங்காஷயரில் 1974 முதல் 1983 வரை பதிவான 58 குரல்வளைப் புற்றுநோய்கள், ஒப்பிட 978 நுரையீரல் புற்றுநோய்கள், கைவிடப்பட்ட, கழிவை எரிக்கும் ஓர் ஆலை. ஆலையைச் சுற்றி நோய் கூடுதலா என்பதுதான் அங்கே கேள்வி. பழகுவதற்கு நல்ல தரவு.

1982இல் புள்ளியியலாளர் அப்ரம்சன் சொன்ன விதிப்படி, ஒரு புள்ளியின் அகலம் அங்குள்ள அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். நான்கு மடங்கு நெரிசலில் பாதி அகலம்; ஒன்பதில் ஒரு பங்கே நெரிசல் என்றால் மூன்று மடங்கு. ஆனால் நாம் தேடுவதே அடர்த்தியைத்தானே? அதனால் முதலில் ஒரு தோராயப் படம் வேண்டும். அதற்கு ஒரு பேண்ட்விட்த், மொத்த அளவைக் கூட்டிக் குறைக்க இன்னொன்று.

முதலாவதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வர்க்கமூலம் எடுக்கும்போது அதன் பிழை ஏறக்குறைய பாதியாக அமுங்கிவிடும். தாராளமாகவே வையுங்கள்.

படத்தை ஆட்டிவைப்பது இரண்டாவது. அதை குறுக்குச் சரிபார்ப்பின் (சில புள்ளிகளை ஒதுக்கிவைத்து, மற்றவை அவற்றை எவ்வளவு நன்றாகக் கணிக்கின்றன என்று பார்த்து அகலத்தைத் தேரும் முறை) தலையில் கட்டிவிட்டுப் போகாதீர்கள். முகவரிகளை அஞ்சல் குறியீட்டுக்குச் சுருக்கிய தரவில் பல புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று விழும்; அப்போது அதன் ஒரு வகையான குறைந்தபட்ச வர்க்கச் சரிபார்ப்பு அகலத்தைப் பூஜ்யத்துக்கே இழுத்துவிடும். தரவின் பரவலுக்கு நியாயமான அதிகபட்ச அகலத்தில் தொடங்கி இறங்கி வருவது, டெரெல் 1990இல் முன்வைத்த வழி. எனக்கு அதுதான் பிடிக்கும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. 58க்கும் 978க்கும் தனித்தனித் தோராயப் படம் போட்டு விகிதம் எடுத்தால், ஒரே இடத்தில் விகிதத்தின் தொகுதியிலும் பகுதியிலும் வேறு வேறு அகலம் வரும். மேடுகளைச் சுற்றிப் பொய்யான வளையங்கள் தெரியும். இரண்டையும் சேர்த்து ஒரே தோராயப் படம் போட்டு, அதே அகலங்களை இரண்டுக்கும் கொடுங்கள். டேவிஸ், ஜோன்ஸ், ஹேசல்டன் மூவரும் 2016இல் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

ஆலைப் பக்கம் மேடு தெரிந்தால், அகலத்தைக் கால்வாசி கூட்டியும் குறைத்தும் பாருங்கள். 58 புள்ளிகள்தானே, இரண்டு மூன்று வீடுகள் போதும் ஒரு மேடு எழும்ப. மூன்று படங்களையும் ஆய்வேட்டில் போடுங்கள்.