டர்பன் செவிலியரின் மனநலம்: கேள்வி பதில்

2020 மார்ச் 5 அன்று தென்னாப்பிரிக்காவின் முதல் கோவிட் தொற்று உறுதியானது டர்பன் இருக்கும் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில்தான். 2020 இறுதியில் இரண்டாம் அலையும் வந்தது. மனநலச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில், அப்போது என்னிடம் வந்த கேள்விகளில் சிலவற்றையும் நான் தந்த பதில்களையும் இங்கே தருகிறேன்.

கேள்வி (சாட்ஸ்வொர்த், வார்டு செவிலியர்): அக்கா, வீட்டுக்கு வந்த பின்பும் மானிட்டரின் ஒலி காதில் கேட்கிறது. இது மனநோயா?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. பன்னிரண்டு மணி நேரம் அந்த ஒலிக்கே செவிகொடுத்திருந்த உடல், வேலை முடிந்ததை உடனே நம்புவதில்லை. ஆனால் கெட்ட கனவுகளும், வார்டை நினைத்தாலே விலகி ஓடத் தோன்றும் அச்சமும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். தூக்கத்துக்காக மதுவைத் தொடாதீர்கள். அது தூங்க வைத்துவிட்டு நடுச்சாமத்தில் எழுப்பிவிடும். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உதவும் தென்னாப்பிரிக்க அமைப்பான சாடாக்கும் (SADAG) மருத்துவர் சங்கங்களும் சேர்ந்து 2020-இல் மருத்துவப் பணியாளருக்கென்றே இலவச ஆலோசனை வழங்கத் தொடங்கின.

கேள்வி (டோங்காட், மூன்றாம் ஆண்டு மாணவி): இறந்துகொண்டிருந்த ஒரு தாத்தாவிடம் அவர் மகள் பேசுவதற்காக நான்தான் போனைப் பிடித்திருந்தேன். அழுதுவிட்டேன். "போகப் போகப் பழகிவிடும்" என்றார் சிஸ்டர். நான் இந்தத் தொழிலுக்குத் தகுதியற்றவளா?

பதில்: அம்மா, அந்த மகளுக்கு அப்போது இருந்த ஒரே கை உங்களுடையது. கையுறைக்குள் அது நடுங்கியிருந்தாலும் போன் கீழே விழவில்லை அல்லவா? "பழகிவிடும்" என்ற சொல் எனக்குப் பிடிப்பதில்லை; பெயரைச் சொல்லி அழைத்த நோயாளியை "ஏழாம் படுக்கை" என்று சொல்லத் தொடங்குவதும் ஒருவகைப் பழக்கம்தான், அது மனம் வற்றிப்போவதன் அடையாளம். மூத்த செவிலியருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: மரணத்துக்குப் பின் மாணவியை உட்கார வைத்து, சாப்பிட்டாளா என்று கேட்டு, அவளாகப் பேசினால் கேளுங்கள். நடந்ததையெல்லாம் அப்போதே விவரிக்கும்படி வற்புறுத்தாதீர்கள். அப்படி ஒரே அமர்வில் சொல்ல வைப்பது பின்னாளைய மனக்காயத்தைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகளே காட்டியுள்ளன.

கேள்வி (பீனிக்ஸ், ஒரு தந்தை): மகள் இரவுப் பணி முடிந்து வந்தால் எங்களை அண்டுவதே இல்லை. நாங்கள் என்ன செய்வது?

பதில்: உங்களுக்குத் தொற்றிவிடுமோ என்ற பயம்தான் அவளை விலக்கி வைக்கிறது. கதவருகே சோற்றுத் தட்டை வையுங்கள். பகலில் அவள் தூங்கும் அறைக்குத் திரைச்சீலை போட்டு, விசாரிக்க வரும் உறவினரின் அழைப்புகளை நீங்களே எடுங்கள். இன்று எத்தனை பேர் இறந்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி (டர்பன், வார்டு மேலாளர்): செவிலியர் மன அழுத்தத்துக்கு யோகா வகுப்பு வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், முகக்கவசமும் ஆளும் போதிய அளவில் இருந்தால். அதற்கு முன் உங்கள் பணிப்பட்டியலை எடுத்து, தொடர்ந்து ஐந்தாவது இரவு யார் வேலை செய்கிறார் என்று பாருங்கள். அவரை முதலில் வீட்டுக்கு அனுப்புங்கள்.