சுரங்கம் மூடிய பிறகு ஸ்காட்லாந்தின் நிலக்கரிக் கிராமங்கள் என்ன ஆயின?

சுரங்கம் போனதும் ஊரும் காலியாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லா ஊரும் இல்லை. ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்குத் தெற்கே இருக்கும் நியூட்டன்கிரேஞ்சைப் பாருங்கள்.

அந்த ஊரின் பெரும்பகுதியைக் கட்டியது லோத்தியன் நிலக்கரி கம்பெனிதான். வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள்; தெருக்களுக்குப் பெயர்கூட முதல் தெரு, இரண்டாம் தெரு என்று வெறும் எண்கள். வேலை போனால் வீடும் போகும் என்பதால் கம்பெனி மேலாளர் வைத்ததுதான் சட்டம். அதே ஊரில் டீன் டேவர்ன் என்ற மதுக்கடையின் லாபம் ஊர்ப் பொதுக் காரியங்களுக்குப் போனது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

அந்த ஊரின் லேடி விக்டோரியா சுரங்கம் 1981இல் மூடப்பட்டது. பிரிட்டன் சுரங்கத் தொழிலாளர்களின் 1984-85 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சுற்றுவட்டாரச் சுரங்கங்களும் ஒவ்வொன்றாகப் போயின. அந்தப் போராட்டத்தில் தண்டிக்கப்பட்ட தொழிலாளர்களுக்கு ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2022இல்தான் சட்டம் போட்டு மன்னிப்பு அளித்தது. ரொம்பத் தாமதம்.

அப்புறம் 2015இல் ரயில் திரும்பி வந்தது. எடின்பரோ அரை மணி நேரத்துக்குள். புதுக் குடும்பங்கள் குடியேறுகின்றன. காலையில் நிலத்துக்கு அடியில் இறங்கிய ஊர், இப்போது நகரத்துக்கு ரயிலேறுகிறது. பழைய சுரங்கக் கட்டடம் தேசியச் சுரங்க அருங்காட்சியகமாக நிற்கிறது.