ஃபிரீசரில் மீன் உறைகிறது, கீழ்த்தட்டில் குழம்பு புளிக்கிறது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு கதவு உள்ள குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது. மேலே ஃபிரீசரில் மீன் கல்லாக உறைகிறது. கீழே வைக்கும் குழம்போ மறுநாளே புளித்துவிடுகிறது. பார்க்க வந்தவர் கம்ப்ரசர் பலவீனமாகிவிட்டது என்றார். செம்பனை ஆலையில் வேலை செய்யும் என் தம்பி, உள்ளே இருக்கும் மின்விசிறியின் மோட்டார்தான் பழுதாகியிருக்கும் என்கிறார். அதை வீட்டிலேயே சோதித்து மாற்ற முடியுமா?
– வாசகி, சுங்கை சிப்புட், பேராக்

பதில்: தங்கள் தம்பியின் ஊகமே பொருத்தமாகத் தெரிகிறது. மேலே மீன் கல்லாக உறைகிறது என்றால் கம்ப்ரசர் தன் வேலையைச் செய்கிறது என்றே கொள்ள வேண்டும். தானாகப் பனி நீக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே குளிர்ச்சுருள்தான் உண்டு. அது ஃபிரீசரின் பின்சுவர்ப் பலகைக்கு உள்ளே மறைந்திருக்கிறது. அங்கே உண்டாகும் குளிர்காற்றைக் கீழ்த்தட்டுக்குத் தள்ளிவிடுவது ஒரு சிறிய மின்விசிறி. அது நின்றுவிட்டால் முதலில் கீழ்த்தட்டு சூடாகும். நாளடைவில் ஃபிரீசரும் இளகத் தொடங்கும்.

ஆனால் விசிறி நிற்பதற்கு மோட்டார் மட்டுமே காரணம் அன்று என்பதால், கடைக்குப் போவதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். கதவு திறந்திருக்கும்போது பல மாதிரிகளில் விசிறி தானாக நின்றுவிடும். ஆகவே ஃபிரீசர் கதவைத் திறந்து, ஓரத்தில் உள்ள கதவு சுவிட்சை விரலால் அழுத்திப் பிடித்துக் காது கொடுத்துக் கேளுங்கள். விசிறி சீராக ஓடும் ஓசை கேட்டால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது: காற்று இறங்கும் துளையை மீன் பொட்டலங்கள் அடைத்திருக்கலாம், அல்லது காற்றுப் பாதைக்குள் பனி கட்டியிருக்கலாம்.

ஓசை கேட்கவில்லை என்றால், பிளக்கைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். இன்வெர்ட்டர் வகைப் பெட்டிகளின் மின்பலகையில் மின்னூட்டம் சிறிது நேரம் தங்கியிருக்கும். பிறகு தட்டுகளை எடுத்து, பின்பலகையின் திருகுகளைக் கழற்றி, ஒயர்களை இழுத்துவிடாமல் பலகையைப் பையப் பைய முன்னே கொண்டுவாருங்கள். சுருள் முழுவதையும் வெள்ளைப் பனி மூடி, விசிறியின் இதழ்களும் அதில் சிக்கியிருந்தால் மோட்டாரைக் குறை சொல்லக் கூடாது. பனியை உருக்கும் ஹீட்டரோ, அதன் உணரியோ, வெப்ப ஃபியூஸோ பழுதாகியிருக்கும். ஒரு நாள் முழுவதும் கதவுகளைத் திறந்துவைத்துப் பனி தானாக உருகட்டும். கத்தியால் குத்திப் பெயர்க்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன்: அலுமினியச் சுருளில் ஓட்டை விழுந்தால் உள்ளே ஓடும் குளிரூட்டும் வாயு வெளியேறிவிடும், அண்மைக்காலப் பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்600ஏ வாயு தீப்பற்றக்கூடியது. பனி உருகியபின் விசிறி ஓடி, சில நாள்களில் மீண்டும் நின்றால், சரிபார்க்க வேண்டியது பனி நீக்கும் அமைப்பையே.

பனி இல்லாமலேயே விசிறி நின்றிருந்தால்தான் மோட்டாருக்கு வருகிறோம். இதழை விரலால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் அச்சு தேய்ந்துவிட்டது. இரண்டு ஒயர் கொண்ட 230 வோல்ட் மோட்டாராக இருந்தால், மின்சாரம் இல்லாத நிலையிலேயே இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டர் என்னும் மின் அளவுகருவியில் ஓம் அளவை, அதாவது மின்தடையைப் பாருங்கள். மாதிரிக்கேற்பப் பெரும்பாலும் சில நூறு ஓம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் உள்கம்பி அறுந்துவிட்டது. மூன்று அல்லது நான்கு ஒயர் கொண்ட 12 வோல்ட் மோட்டாரை இப்படிச் சோதிக்க இயலாது. அதற்குப் பெட்டியை இயக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். பக்கத்திலேயே ஹீட்டரின் 230 வோல்ட் ஒயர்களும் இருப்பதால் அதைத் தொழில் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

ஈப்போவில் உதிரிபாகக் கடைக்குப் போகும்போது பழைய மோட்டாரையும், பெட்டியின் உட்சுவரில் ஒட்டியுள்ள மாதிரி எண்ணின் படத்தையும் கொண்டு செல்லுங்கள். வோல்ட், வாட், அச்சின் பருமன், சுழலும் திசை ஆகிய நான்கும் ஒத்திருக்க வேண்டும். இணையத்தில் வாங்கும்போது 110 வோல்ட் மோட்டார் வந்து சேர்வதுண்டு. நம் வீட்டு மின்சாரத்தில் அது கருகிவிடும். பொருத்தும்போது இதழ் பழைய ஆழத்திலேயே அமர வேண்டும், ரப்பர் வளையங்கள் தம் இடத்துக்குத் திரும்ப வேண்டும், ஒயர் இதழில் உரசக் கூடாது. பலகையைச் சுற்றியுள்ள நுரைப்பட்டையையும் விடாமல் ஒட்டுங்கள்; அது இல்லாவிட்டால் காற்று பக்கவாட்டில் கசிந்து கீழே இறங்காது. மின்சாரம் கொடுத்தவுடன் விசிறி ஓடாவிட்டாலும் பதற வேண்டாம். சுருள் குளிர்ந்தபின்னரே சில மாதிரிகளில் அது சுழலத் தொடங்கும். மறுநாள் கீழ்த்தட்டில் ஒரு குவளைத் தண்ணீருக்குள் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். 4 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும்.

அதுவரை கீழ்த்தட்டில் நெடுநேரம் சூடாகக் கிடந்த குழம்பையும் பாலையும் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். சில கிருமிகள் விட்டுச்செல்லும் நச்சு, மீண்டும் கொதிக்கவைத்தாலும் அழியாது.

கேள்வி: விசிறி கீச்சிடுகிறது. தையல் இயந்திர எண்ணெய் விடலாமா?
– வாசகர், தாப்பா

பதில்: சில நாள்களுக்குச் சத்தம் அடங்கலாம். ஆனால் உறைநிலைக் குளிரில் சாதாரண எண்ணெய் தடித்துப்போய் அச்சை மேலும் இறுக்கிவிடும். இதழ் பனியில் உரசவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, மோட்டாரையே மாற்றிவிடுங்கள்.