காயலான் கடைக்கு அனுப்புவதற்கு முன்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் தந்தை 1969-ஆம் ஆண்டில் வாங்கிய நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 கார், அவர் மறைந்தபின் பல ஆண்டுகள் வீட்டுக் கொட்டகையிலேயே கிடந்தது. நான் பணி ஓய்வு பெற்றதும், அந்தக் காலத்து மெக்கானிக் ஒருவரின் துணையோடு எஞ்சினைப் பிரித்து, டிங்கரிங் முடித்து, உதிரி பாகங்களுக்காகச் சென்னை புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி, ஏறத்தாழ ஆறு லட்சம் ரூபாய் செலவில் அதை ஓட வைத்தேன். பெயின்ட் வாசனை போவதற்குள், விழுப்புரம் அருகே சாலைத் தடுப்பைக் கண்டு நான் வேகத்தைக் குறைத்தபோது, பின்னால் வந்த லாரி மோதிவிட்டது. எனக்கும் மனைவிக்கும் சிறு காயங்கள்தான். காரின் பின்பகுதி நசுங்கிவிட்டது. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்து பார்த்த சர்வேயர் 'டோட்டல் லாஸ்' என்கிறார். பாலிசியில் வண்டியின் மதிப்பு 1,50,000 ரூபாய் என்றுதான் இருக்கிறது. உறவினர்களோ, "கண் பட்டுவிட்டது, உயிர் தப்பியதே மறுபிறவி, ஒரு தகரத்துக்காக இப்படியா உடைந்து போவது?" என்கிறார்கள். டாஷ்போர்டு பெட்டியின் மூடிக்கு உள்பக்கத்தில், எண்ணெய் மாற்றிய தேதிகளை அப்பா பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது. இந்தக் காரை மீட்க வழி உண்டா, அல்லது கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவதுதான் முறையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: நீங்களும் உங்கள் மனைவியும் நலமாக இருப்பது எல்லாவற்றையும் விடப் பெரிய ஆறுதல். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் உங்கள் வருத்தத்துக்கு இடமில்லாமல் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. துருப்பிடித்த ஒரு போல்ட்டைக் கழற்ற மண்ணெண்ணெய் ஊற்றி இரவெல்லாம் ஊற வைத்து, மறுநாள் அது உடையாமல் திரும்பியபோது மகிழ்ந்த மனிதர், அந்த உழைப்பு முழுவதும் சில விநாடிகளில் நசுங்கியதைக் கண்டு கலங்குவது இயல்பு. தகரம் என்று சொல்பவர்கள் அந்த வேலையைப் பார்க்காதவர்கள். அவர்கள் மீது கோபப்பட வேண்டாம், அவர்களுக்காக வருத்தத்தை மறைக்கவும் வேண்டாம். கண்ணேறு என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். பின்னால் வந்தவர் போதிய இடைவெளி விடாமல் வந்திருக்கிறார். நீங்கள் காரை அழகாக்கியதற்கும் விபத்துக்கும் தொடர்பே இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'டோட்டல் லாஸ்' என்ற சொல்தான் உங்களை அதிகமாக உலுக்கியிருக்கிறது என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. அது காரின் நிலையைப் பற்றிய தீர்ப்பு அன்று, காப்பீட்டுக் கணக்கு. பழுதுபார்க்கும் செலவும் வண்டியை எடுத்து வரும் செலவும் சேர்ந்து, பாலிசியில் குறித்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு இழப்பாகக் கொள்ளலாம் என்பது நம் நாட்டு மோட்டார் பாலிசிகளின் விதி. உங்கள் பாலிசியில் மதிப்பு 1,50,000 ரூபாய் என்பதால் 1,12,500 ரூபாயைத் தாண்டிய எந்த மதிப்பீடும் அந்தச் சொல்லை வரவழைத்துவிடும். ஒழுங்கான டிங்கரிங் வேலையும் பெயின்ட்டும் சேர்ந்தாலே இன்று அந்தத் தொகையைத் தொட்டுவிடும். உங்கள் பாலிசியில் பத்து லட்சம் என்று எழுதப்பட்டிருந்தால், இதே சேதத்தை இதே சர்வேயர் பழுதுபார்க்கத்தக்கது என்று எழுதியிருக்கக் கூடும்.

ஆகவே கையெழுத்திடுவதற்கு முன் காரின் அடிச்சட்டமான சேசிஸை அளந்து பாருங்கள். வேறு பல கார்களுக்கு இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன். ஹெரால்டின் அமைப்பு அப்படிப்பட்டது. அதன் மூலமான டிரையம்ப் ஹெரால்டு 1959-இல் பிரிட்டனில் வெளிவந்தது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. அப்போது உலகம் உடலும் அடிச்சட்டமும் ஒன்றான கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தது. ஆனால் டிரையம்பின் உரிமையாளரான ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடற்பகுதிகளை அழுத்தித் தந்துவந்த தொழிற்சாலையைப் போட்டி நிறுவனம் 1953-இல் வாங்கிவிட்டதால், முழு உடலையும் ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லாமல் போயிற்று. அதனால் தனி சேசிஸ் ஒன்றைப் போட்டு, வெவ்வேறு ஆலைகளில் செய்த சிறு சிறு பகுதிகளை அதன்மேல் போல்ட் போட்டுப் பொருத்தினார்கள். கழற்றிய பாகங்களாகக் கப்பலில் அனுப்பி வெளிநாடுகளில் பூட்டவும் அது வசதியாக இருந்தது. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டைத் தயாரித்ததும் இந்த அமைப்போடுதான். நான்கு கதவு மார்க் 3 நம் ஊரில் பிறந்த வடிவம். சென்னைக்காரர்கள் அதைப் பற்றிப் பெருமையோடு பேசுவதில் நியாயம் இருக்கிறது.

உங்கள் காரின் நசுங்கிய பின்பகுதி சேசிஸோடு வெல்டிங் செய்யப்பட்டதன்று. போல்ட்டுகளைக் கழற்றினால் தனியாக வந்துவிடும் என்பதே இதில் உங்களுக்குக் கிடைக்கும் நன்மை. முதலில் பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டு டாங்கைக் கழற்றச் சொல்லுங்கள். ஹெரால்டில் அது டிக்கிக்குள்ளேயே இருப்பதால், இப்படிப்பட்ட மோதலில் அடிவாங்காமல் இருந்திருக்காது. பிறகு பின் உடலைக் கழற்றி, சமமான சிமென்ட் தரையில் வண்டியை ஸ்டாண்டுகள் மீது நிறுத்தி, சேசிஸின் இருபுறமும் ஒத்திருக்கும் துளைகளிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் குறியிடச் சொல்லுங்கள். இடது முன்குறியிலிருந்து வலது பின்குறிக்கும், வலது முன்குறியிலிருந்து இடது பின்குறிக்கும் உள்ள தூரங்கள் ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் சேசிஸ் கோணலாகியிருக்கிறது என்று பொருள். அளப்பதற்கு முன் கண்ணாலும் பாருங்கள்: நீங்கள் புதிதாக அடித்த கறுப்புப் பெயின்ட், சேசிஸ் பட்டையின் ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் மெல்லிய கோடுகளாக வெடித்து உதிர்ந்திருந்தால், அங்கே இரும்பு மடிந்திருக்கிறது. புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியில் இது தெளிவாகத் தெரியும். எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலைத் தாங்கும் இடங்களையும், அதன்மேல் குறுக்காக அமர்ந்திருக்கும் பட்டை வில்லையும் (லீஃப் ஸ்பிரிங்) தவறாமல் பார்க்க வேண்டும்.

சேசிஸ் பட்டையின் கடைசிப் பகுதி மட்டும் வளைந்திருந்தால், சேசிஸ் நிமிர்த்தும் பெஞ்சு வைத்திருக்கும் பட்டறையில் சரிசெய்யலாம். நடுவில் மடிந்திருந்தாலோ டிஃபரென்ஷியல் தாங்கிகள் நகர்ந்திருந்தாலோ, அந்தச் சேசிஸை மீண்டும் சாலைக்குக் கொண்டு வராதீர்கள். தீயில் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து நேராக்கித் தருகிறேன் என்று சொல்பவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். வேறொரு ஹெரால்டின் சேசிஸ் கிடைத்து மாற்றுவதானால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும். பழைய எண்ணைப் புதிய சேசிஸில் பொறிப்பது குற்றம். இன்னொன்றும் உண்டு. ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய 2021-இல் வந்த விதிகள், சேசிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவத்தில் காக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்கின்றன. அந்தப் பதிவு உங்கள் நோக்கமானால், சேசிஸை மாற்றுவதற்கு முன் அலுவலகத்தில் எழுத்தில் விளக்கம் பெறுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, வண்டியை நீங்களே வைத்துக்கொண்டு, உடைந்த நிலையில் அதற்குள்ள விலைமதிப்பைக் கழித்துக்கொண்டு மீதியைப் பெறும் தீர்வு உண்டா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். அப்படிப் பெற்றால் ஆர்.சி. புத்தகம் செல்லுபடியாக இருக்குமா, ஒப்படைக்க வேண்டுமா என்பதையும் எழுத்திலேயே வாங்குங்கள். பதிவு ரத்தானபின் நீங்கள் எவ்வளவு அழகாகச் சரிசெய்தாலும் அது கூடத்தில் நிற்கும் பொருள்தான். 'முழுமையான இறுதித் தீர்வு' என்று அச்சிட்ட ரசீதில் இதெல்லாம் தெளியும் வரை கையெழுத்திட வேண்டாம். தவறு லாரியின் மீது என்பதால், உங்கள் பாலிசி ஈடுசெய்யாத இழப்புக்கு அந்த லாரியின் காப்பீட்டாளர் மீது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது இப்போதைய சட்டம். முதல் தகவல் அறிக்கையின் நகல், வேலை நடந்தபோது எடுத்த படங்கள், புதுப்பேட்டைக் கடைகளின் துண்டுச் சீட்டுகள் உட்பட எல்லா ரசீதுகளோடும் ஒரு வழக்கறிஞரை இந்த வாரமே பாருங்கள். ஆறு லட்சமும் கிடைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். கேட்காமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

அளந்து பார்த்தபின் சேசிஸ் தேறாது என்று தெரிந்தால், அப்போதும் காரை அப்படியே எடைக்குப் போடாதீர்கள். முன்னால் திறக்கும் பானெட், 948 சி.சி. எஞ்சின், கியர்பாக்ஸ், மீட்டர்கள், கதவுகள் எல்லாம் மோதலில் தப்பியிருக்கும் என்று உங்கள் விவரிப்பிலிருந்து தோன்றுகிறது. ஹெரால்டு வைத்திருப்பவர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். நல்ல பானெட் ஒன்றுக்கு அவர்கள் ஊர் ஊராகத் தேடுகிறார்கள். உங்கள் கையால் சீரான பாகங்கள் வேறு ஹெரால்டுகளில் ஓடட்டும். அந்த டாஷ்போர்டு பெட்டியின் மூடி சில திருகாணிகளில்தான் நிற்கிறது. எந்த முடிவெடுத்தாலும், வண்டி வேறு பட்டறைக்கு நகரும் முன் அதை நீங்களே கழற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: எழுபது வயதைக் கடந்த என் அப்பா, தன் 1983 அம்பாசடரை ஓராண்டு செலவிட்டுப் புதுப்பித்தார். பேருந்து ஒன்று எதிரே வந்து மோதியதில் முன்பகுதி முழுவதும் போய்விட்டது. தினமும் பட்டறைக்குப் போய் அதன் அருகில் அமர்ந்துவிட்டு வருகிறார்; விற்கவும் விடமாட்டேன் என்கிறார். அவருக்குத் தெரியாமல் வேறொரு அம்பாசடர் வாங்கி வந்து நிறுத்தலாமா?
- ஒரு மகள், மதுரை

பதில்: வேண்டாம், அம்மா. உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் அவர் இழந்தது ஓர் அம்பாசடரை மட்டும் அன்று. எந்தப் பாகத்தில் எந்தக் குறை, எந்தச் சத்தம் எங்கிருந்து வரும் என்று அவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு வண்டியை இழந்திருக்கிறார். வேறொருவர் தேர்ந்தெடுத்த கார் வாசலில் வந்து நின்றால், உங்கள் மனம் நோகக் கூடாதே என்று மகிழ்ச்சி காட்டும் சுமையும் அவருக்குச் சேரும்.

ஹெரால்டுக்கு இருப்பது போன்ற தனி சேசிஸ் அம்பாசடருக்குக் கிடையாது, உடலே அடிச்சட்டம். முன்னால் எஞ்சினைத் தாங்கும் இரு பக்கச் சட்டங்களும் மடிந்து, கதவுகள் சரியாக மூடாமல் போயிருந்தால், அந்த உடலை நம்பி மீண்டும் நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது. இதை அப்பாவிடம் நீங்கள் சொல்வதை விட, அவர் மதிக்கும் மெக்கானிக் வண்டியின் அடியில் விளக்கைப் பிடித்துக் காட்டிச் சொல்வது நல்லது. அதன்பின், வண்டியை அவரே பிரிக்கட்டும். நீங்கள் ஒரு நோட்டும் பேனாவுமாக அருகில் உட்கார்ந்து, எந்தப் பாகம் நல்லது, எதை வைத்துக்கொள்வது, எதை யாருக்குக் கொடுப்பது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. அந்த நல்ல டிஃபரென்ஷியலுக்கும் பின்கதவுகளுக்கும் ஆள் வராமல் இருக்க மாட்டார்கள். இன்னொரு வண்டி வேண்டுமா என்ற பேச்சை அவர் எடுக்கும்போது பேசலாம். பசி, தூக்கம் இரண்டும் குறைந்து வாரக்கணக்கில் நீடித்தால் மட்டும் தயங்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மிஞ்சிய உடலைக் காயலான் கடைக்குப் போடும் முன் பதிவை ரத்துச் செய்யுங்கள். வாகனம் நிரந்தரமாகப் பயன்படாமல் போனால் பதினான்கு நாட்களுக்குள்ளோ, இயன்ற விரைவிலோ பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு கூறுகிறது. அப்படிச் செய்யாமல் கொடுத்தால், அந்தச் சேசிஸ் எண் நாளை வேறொரு வண்டியில் ஏறினாலும் ஆவணத்தில் உங்கள் அப்பா பெயரே நிற்கும்.

கேள்வி: நான் 1974 பிரீமியர் பத்மினியைப் புதுப்பித்து வருகிறேன். ஒரு நாள் விபத்து நேர்ந்தால் உரிய காப்பீட்டுத் தொகை கிடைக்க இப்போதே என்ன செய்ய வேண்டும்?
- வாசகர், ஈரோடு

பதில்: முதலில் உங்களிடம் இருப்பது எந்தப் பாலிசி என்று பாருங்கள். பழைய கார்கள் பலவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே இருக்கிறது. அதில் உங்கள் வண்டியின் சேதத்துக்கு ஒரு ரூபாயும் வராது. ஐந்து ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கும் உற்பத்தி நின்றுபோன மாடல்களுக்கும் மதிப்பை நீங்களும் நிறுவனமும் பேசி முடிவு செய்துகொள்ள விதி இடம் தருகிறது. ஆனால் பெரும்பாலோர் முகவர் எழுதிய எண்ணைப் படிக்காமலேயே கையெழுத்திடுகிறார்கள். உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் சான்று வாங்கி, ரசீதுகளையும் படங்களையும் இணைத்து, அந்த மதிப்பைப் பாலிசியில் ஏற்றச் சொல்லுங்கள். பிரீமியம் கூடும், கூடட்டும். ஒரு நிறுவனம் மறுத்தால் அடுத்ததை அணுகுங்கள். வேலை முழுவதும் முடியட்டும் என்று காத்திருக்காமல், எஞ்சின் வேலை முடிந்ததும் ஒரு முறை, பெயின்ட் முடிந்ததும் ஒரு முறை மதிப்பைத் திருத்திக்கொள்ளுங்கள். பின்விளக்குகளின் வயரையும் எர்த் இணைப்பையும் புதிதாகப் போடுங்கள். அந்தச் சிறிய விளக்குகள் மங்கலாக எரிந்தால் பின்னால் வரும் லாரிக்கு உங்கள் பிரேக் தெரியாது.